ஷெஃபீல்டில் ஒரு கேஸ் ஹீட்டர்: பட்டர்வொர்த்திலிருந்து பார்த்த ஐந்து வாரங்கள்

காலை ஐந்தே முக்கால். மலேசியாவின் பட்டர்வொர்த்தில், கடையின் பின்பக்கம் லோரியில் கேஸ் தோம்புகளை, அதாவது சிலிண்டர்களை, ஏற்றிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருக்கும் அக்கா மகனிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. டிசம்பர் மாதம் நாம் பிரிட்டனைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருப்போம். அங்கே முந்தின இரவு ஒன்பதே முக்கால். வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தான். பின்னால் அவன் மனைவி இரண்டு வயதுப் பிள்ளையைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"மாமா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹீட்டர் வாங்கிட்டேன். கேஸ்ல ஓடுறது. எந்த கேஸ் வாங்கணும்னு தெரியல. நீங்கதானே இத்தனை வருஷமா கேஸ் விக்கிறீங்க."

22 ஆண்டுகளாக பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் வீடு வீடாகத் தோம்பு போட்டு வருகிறேன். ஆனால் வீட்டைச் சூடாக்க கேஸ் வேண்டும் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. பினாங்கில் அதற்கு எங்கே வேலை? அன்று தொடங்கி ஐந்து வாரம் நாங்கள் இருவரும் தினமும் பேசினோம். அந்த ஐந்து வாரத்தில் நடந்ததை, எங்கள் தவறுகளையும் சேர்த்து, அப்படியே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் நிறையப் பேர் தாதியராகவும் மாணவராகவும் குளிர்நாடுகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும்.

வீடும் ஹீட்டரும்

ஷெஃபீல்ட் மேடும் பள்ளமுமான ஊர். சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வரிசை வீடுகளில் ஒன்றைத்தான் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவன் மனைவி அங்கே மருத்துவமனையில் தாதி. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் டிசம்பர் முதல் வாரத்தில் நின்றுவிட்டது. பாகம் வர நாளாகும் என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார். கையில் ஒரு சின்ன மின்சார விசிறி ஹீட்டர் மட்டும் இருந்தது. அது ஓர் அறைக்கே போதவில்லை.

அவன் வாங்கியது சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. முன்னால் மூன்று பீங்கான் தட்டுகள், பின்னால் கேஸ் பாட்டில் வைக்க ஒரு குழி. மூன்று தட்டும் எரிந்தால் 4.2 கிலோவாட். பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பியூட்டேன் என்ற கேஸ், 28 மில்லிபார் அழுத்தம், மணிக்கு 305 கிராம் செலவு என்று இருந்தது. எந்த கேஸ் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தகட்டிலேயே இருந்தது.

கேஸ் வாங்குவதற்கு முன்பு வேறு இரண்டு கேள்வி கேட்டேன். வாடகை ஒப்பந்தத்தில் இதற்கு அனுமதி இருக்கிறதா? இந்த ஹீட்டரை யாராவது பரிசோதித்தார்களா? இரண்டையும் அவன் யோசித்திருக்கவில்லை. ஒப்பந்தத்தைப் புரட்டியபோது, எழுத்துமூல அனுமதி இல்லாமல் கேஸ் ஹீட்டர் கூடாது என்று ஒரு வரி இருந்தது. மின்னஞ்சல் போட்டான். இரண்டு நாளில் அனுமதி வந்தது: ஆள் வைத்துப் பரிசோதிக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. நியாயமான நிபந்தனை.

பிரிட்டனில் காசு வாங்கிக்கொண்டு வீட்டு கேஸ் சாதனத்தில் கை வைப்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். 2009 ஏப்ரலிலிருந்து அந்தப் பதிவேடுதான் நடைமுறையில் இருக்கிறது. அவர் காட்டும் அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அச்சிட்டிருக்கும். குழாய் வழி வரும் கேஸுக்குத் தகுதி இருந்தாலும், பாட்டில் கேஸுக்குத் தனியாக இருக்க வேண்டும். வந்தவர் தட்டுகளுக்குப் பின்னால் அடைந்திருந்த தூசியை எடுத்தார். பழைய ரப்பர் குழாயை வளைத்துக் காட்டினாராம். உள்வளைவில் மயிரிழை மாதிரி வெடிப்பு. குழாயையும், கேஸ் அழுத்தத்தைக் குறைத்து விடும் ரெகுலேட்டரையும் மாற்றிவிட்டுப் போனார்.

இங்கே நான் தோம்பு மாற்றப் போகும் வீடுகளில் பத்து வருடக் குழாயைப் பார்த்திருக்கிறேன். "இன்னும் நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்பார்கள். வளைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நீலமா சிவப்பா

ஹீட்டரைப் பார்க்க ஆள் வருவதற்கு முதல்நாளே அவன் அவசரப்பட்டுக் கடைக்குப் போய்விட்டான். "ஹீட்டருக்கு கேஸ்" என்று கேட்டதும் கடைப் பையன் ஒரு சிவப்பு பாட்டிலைக் காட்டியிருக்கிறான். வெளியே முற்றத்தில் வைக்கும் ஹீட்டர் என்று நினைத்திருப்பான் போல. நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்குப் படம் அனுப்பினான்.

நம் ஊரில் இந்தக் கேள்வியே எழாது. நம் வீட்டுத் தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. தீபகற்ப மலேசியாவில் 14 கிலோ மானியத் தோம்பு 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. கொண்டு வந்து கொடுத்தால் அதற்கு மேல் கூலி. இங்கே தோம்பின் நிறம் எந்த நிறுவனத்துடையது என்று சொல்லும். ஊதா என்றால் மானியம் இல்லாத வணிகத் தோம்பு. உள்ளே இருக்கும் கேஸைப் பற்றி நிறம் ஒன்றும் சொல்லாது, யாருக்கும் அது தேவையும் இல்லை. வருடம் முழுவதும் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும் ஊரில் இரண்டும் தாராளமாக ஆவியாகும்.

அங்கே அப்படியில்லை. காலோர் நிறுவனத்தின் நீல பாட்டில் பியூட்டேன், சிவப்பு புரோப்பேன். மற்ற நிறுவனங்களில் நிறம் மாறலாம் என்பதால் எழுத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும். வித்தியாசம் கொதிநிலையில் இருக்கிறது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. அதனால் பனி விழும் இரவில் வெளியே நிற்கும் பாட்டிலுக்குப் புரோப்பேன்தான் சரி. பியூட்டேன் அந்தக் குளிரில் திரவமாகவே கிடக்கும்.

"அப்படின்னா குளிர் ஊருக்கு சிவப்புதானே மாமா நல்லது?" என்றான். கேள்வி சரிதான், ஆனால் பாட்டில் நிற்கப்போவது அவன் கூடத்துக்குள். 20 டிகிரி அறையில் பியூட்டேன் பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார், புரோப்பேனுக்கு ஏழு பாருக்கு மேல். ஒரே அளவு ஓட்டையில் கசிந்தால் புரோப்பேன் எவ்வளவோ வேகமாக அறையை நிரப்பும். அங்கே வீட்டுக்குள் வைக்கும் பெட்டி ஹீட்டருக்கு பியூட்டேன் என்றும், புரோப்பேன் பாட்டில் வெளியே என்றும் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஊரின் குளிரை விட்டுவிட்டு, பாட்டில் நிற்கும் இடத்தின் குளிரைப் பார்க்க வேண்டும். இந்த ஐந்து வாரத்தில் அவனிடம் நான் அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

மூட்டும்கூட வேறு. அந்த 15 கிலோ நீல பாட்டிலின் வாயில் 21 மில்லிமீட்டர் ரெகுலேட்டரை அழுத்திப் பூட்ட வேண்டும். 28 மில்லிபார். சிவப்பில் இடப்பக்கம் திருகும் மரை, 37 மில்லிபார். ஒன்றை இன்னொன்றில் மாட்ட முடியாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மாட்டவைக்கும் அடாப்டர்கள் இணையத்தில் விற்கின்றன. அதைத் தொடவே கூடாது என்றேன். என் வீட்டுக்காரி, இங்கிருந்து போகும் யாரிடமாவது நல்ல சிரிம் முத்திரை (மலேசியத் தர முத்திரை) போட்ட ரெகுலேட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பலாமே என்றாள். பாசத்தில் சொன்னது. ஆனால் நம் கெப்பாலா கேஸ், அதாவது நம் ஊர் ரெகுலேட்டர், நம் தோம்புக்கும் நம் அடுப்புக்கும் செய்தது. ரெகுலேட்டரை அந்த ஊரிலேயே, அந்த பாட்டிலுக்கென்று வாங்க வேண்டும்.

வாங்கிய விதம்

முதல்முறை வாங்கும்போது கேஸுக்கான விலையோடு பாட்டிலுக்கான ஒப்பந்தப் பணமும் கட்ட வேண்டும். பாட்டில் எப்போதும் நிறுவனத்தின் சொத்து. காலியானதும் அதே நிறுவனத்தின் பாட்டிலோடுதான் மாற்ற முடியும். அதனால் பாட்டில் வாங்கும் முன், வீட்டுக்குப் பக்கத்தில் எந்த நிறுவனத்தின் விற்பனையாளர் இருக்கிறார், வீட்டுக்குக் கொண்டு வந்து தருவாரா என்று பார்க்கச் சொன்னேன். மலிவாகக் கிடைக்கிறதென்று தூரத்துக் கடையில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் அங்கேயே ஓட வேண்டும். ஒப்பந்தத் தாளைப் பத்திரமாக வைக்க வேண்டும். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பங்கு பணம் திரும்பக் கிடைப்பது அந்தத் தாளை வைத்துத்தான்.

15 கிலோ கேஸ் என்றாலும் இரும்போடு சேர்ந்து தூக்கும்போது ஏறக்குறைய 30 கிலோ. பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டு வந்தார்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, பெல்ட் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு. இது நம் ஊருக்கும் பொருந்தும். மோட்டார் சைக்கிளில் கால் வைக்கும் இடத்தில் தோம்பைப் படுக்கப் போட்டுக்கொண்டு போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். படுக்க வைத்தால் வால்வுக்கு ஆவிக்குப் பதில் திரவம் வரும்.

முதல் இரவு

ரெகுலேட்டரைப் பூட்டி, சோப்பு நீர் தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்துவிட்டுப் பற்றவைத்தான். தீ பிடித்தது. ஆனால் மூன்று தட்டையும் திறந்தால் ஒன்று மட்டும் மங்கலாகச் சிவந்தது. ஏமாற்றிவிட்டார்கள், பாட்டில் காலி என்று எனக்கு அழைத்தான்.

குளியலறைத் தராசில் வைத்து எடை பார்க்கச் சொன்னேன். காலி எடை பாட்டிலின் கழுத்தில் குறித்திருக்கும். கழித்துப் பார்த்தால் முழு 15 கிலோ இருந்தது. பாட்டிலைத் தொட்டுப் பார் என்றேன். "ஐஸ் மாதிரி இருக்கு மாமா."

அது கடையின் வெளிமுற்றத்துக் கூண்டில், ஒரு டிகிரி இரண்டு டிகிரி குளிரில், நாள்கணக்கில் நின்ற பாட்டில். உள்ளே பியூட்டேன் ஆவியாகத் திணறிக்கொண்டிருந்தது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நாங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் பார்த்தது. அண்டாவை ஏற்றி, ஹை பிரஷர் அடுப்பை முழுசாகத் திறந்து, ஒரே 14 கிலோ தோம்பிலிருந்து இழுத்தால், கொஞ்ச நேரத்தில் தோம்பின் கீழ்ப்பாதி வேர்க்கும். அப்புறம் வெள்ளையாக உறைபனி பூக்கும். தீ சுருங்கும். திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும், அதைத் தோம்பின் இரும்பிலிருந்துதான் எடுக்கும். கொளுத்தும் வெயிலிலேயே இப்படி என்றால் ஷெஃபீல்டில் கேட்கவா வேண்டும்.

பந்தலில் நாங்கள் இரண்டு தோம்பை மாற்றி மாற்றி ஓட்டுவோம். அவனிடம், ஹீட்டரை அணைத்துவிட்டு பாட்டிலை இரவு முழுவதும் அறையிலேயே விடச் சொன்னேன். விசிறி ஹீட்டரை அறைக்கு மட்டும் போடு, பாட்டிலுக்கு நேராகத் திருப்பாதே, சுடுதண்ணீர் ஊற்றாதே என்றேன். மறுநாள் மூன்று தட்டும் ஒரே மாதிரி ஆரஞ்சாகச் சிவந்தன. அதன் பிறகு புது பாட்டில் வந்தால் ஒருநாள் முன்னதாகவே உள்ளே எடுத்து வைத்துவிடுவான்.

காற்றும் தண்ணீரும்

ஒன்பதாம் நாள் ஹீட்டர் தானாக அணைந்தது. மறுபடி பற்றவைத்தான், அரை மணி நேரத்தில் மறுபடி அணைந்தது. பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. அறையைக் காட்டச் சொன்னேன். ஜன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துளைகளில் டேப் ஒட்டி, கதவடியில் துண்டு செருகியிருந்தான். குளிர் காற்று வருகிறதென்று.

இந்த வகை ஹீட்டருக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்தது எல்லாம் அறைக்குள்ளேயே தங்கும். அறையில் ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் உணரி ஒன்று அதில் இருக்கிறது. அன்று அது தன் வேலையைச் செய்தது. அது இல்லாத பழைய ஹீட்டராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. அவன் மனைவிதான் அவனுக்கு விளக்கினாள்: கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் காய்ச்சல் என்று படுத்துவிடக் கூடாது, வெளியே போக வேண்டும். டேப்பை அன்றே உரித்தார்கள். எச்சரிக்கைக் கருவியை வாரம் ஒருமுறை பொத்தான் அழுத்திச் சோதித்தார்கள். படுக்கையறைக்குள் கேஸ் ஹீட்டரைக் கொண்டுபோகவே இல்லை. பிள்ளை தூங்கும் அறைக்கு எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் ஒன்றை வாங்கினார்கள். மின்கட்டணம் ஏறினாலும் அதில் இரண்டாம் யோசனைக்கு இடமில்லை.

அடுத்தது தண்ணீர். கேஸ் எரிந்தால் தண்ணீர் உண்டாகும் என்பது பள்ளியில் படித்ததுதான், ஆனால் அளவை யாரும் நினைப்பதில்லை. ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். மூன்று தட்டும் எரிந்தால் மணிக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் வீட்டு அடுப்பிலும் இதே கதைதான், ஆனால் நம் ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. அங்கே குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, கீழே வழிந்து, ஜன்னல் கட்டையில் குட்டையாக நின்றது. மூன்றாம் வாரம் அலமாரிக்குப் பின்சுவரில் கறுப்புப் புள்ளிகள். பிள்ளைக்கு இருமல். அதன் பிறகு பொழுது சாய்ந்ததும் அறை சூடாகும்வரை இரண்டு தட்டு, சூடானதும் ஒரு தட்டு, ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்தே, காலையில் துடைப்பது என்று பழகிக்கொண்டார்கள்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முழுசாக எரித்தால் 15 கிலோ 49 மணி நேரம்தான் வரும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நான் போடும் 14 கிலோ தோம்பு சமையலுக்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஓடும். ஒரு தட்டில் ஓட்டினால் அந்த ஹீட்டர் மணிக்கு 100 கிராம் அளவில் நிற்கும். ஐந்து வாரத்தில் மொத்தம் 26 கிலோ போனது.

நிலவறை

இந்த நிகழ்வில் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது இதுதான்.

மூன்றாம் வாரக் கடைசி. கிறிஸ்துமஸுக்குக் கடை அடைத்துவிடுவார்கள் என்று இரண்டாவது பாட்டிலை முன்கூட்டியே வாங்கிவிட்டதாகச் சொன்னான். எங்கே வைத்திருக்கிறாய் என்று சும்மாதான் கேட்டேன். "கீழே செல்லர்ல மாமா. பிள்ளை கைக்கு எட்டாது." அந்த ஊர் வரிசை வீடுகளில் அக்காலத்தில் கரி கொட்டி வைத்த நிலவறைகள் இருக்கின்றன. ஃபோனைக் கீழே எடுத்துப் போய்க் காட்டினான். கல்படி, தாழ்ந்த கூரை, மூலையில் நீல பாட்டில். அதற்கு நாலடி தள்ளி ஒரு பழைய ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது.

பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் படர்ந்து பள்ளம் தேடும். நிலவறையில் அது போக வழியே இல்லை. மேலே வீட்டில் இருப்பவர் மூக்குக்கு, கேஸில் கலந்திருக்கும் அந்த நாற்றம் எட்டாமலே போகலாம். ஃப்ரீசரின் சுவிட்ச் ஒருமுறை தட்டினால் ஒரு பொறி. அவ்வளவு போதும்.

அவன் மீது கோபப்படவில்லை. பிள்ளையை நினைத்துத்தான் அங்கே வைத்தான். பாட்டில் எங்கே நிற்க வேண்டும் என்று அத்தனை முறை பேசிய நான், எரியும் பாட்டிலைப் பற்றி மட்டுமே பேசியிருந்தேன். மிச்ச பாட்டில் எங்கே நிற்கும் என்று கேட்கவில்லை. நம் வீடுகளில் நிலவறை கிடையாது, அதனால் என் புத்தியில் அது வரவில்லை. "தம்பி, இப்பவே மேல தூக்கிட்டு வா. எந்த சுவிட்சையும் தொடாதே, இருக்கிற லைட் அப்படியே இருக்கட்டும்" என்றேன். பின்முற்றத்துக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி வைத்து, வால்வு மூடியைப் போட்டுவிட்டு வந்து மூச்சு வாங்கினான். கசிவு இல்லை.

நிலவறை இல்லையே தவிர, நம்மிடம் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் வெளியே தோம்பு வைக்கிற தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில், மூடாத லோங்காங் விளிம்பிலேயே தோம்பு நிற்கும். கழுவி விட வசதி என்பார்கள். அந்த வாரத்திலிருந்து நான் அப்படிப் பார்க்கிற இடத்திலெல்லாம் தோம்பை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் வருகிறேன். இரண்டு வீட்டில் குழாய் எட்டவில்லை. அளந்து வேறு குழாய் போட்டேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் பாய்லர் சரியானது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டாவதில் நாலு கிலோ மிச்சம். அடுத்த குளிருக்கு ஆகுமே என்று வைத்துக்கொண்டான். அன்றைக்கு அங்கே பனி விழுந்திருக்கிறது. படம் அனுப்பினான். முற்றத்துச் சுவரோரம் நீல பாட்டில் நிமிர்ந்து நிற்கிறது, தோளில் பனி, தலையில் மூடி. நிலவறையின் காற்றுத் துளை மூன்று மீட்டர் தள்ளி என்று கீழே எழுதியிருந்தான். நான் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் சாக்கடைத் துளை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.